கூப்பாடு நின்ற வீடு

12 ஜூன் 2015

மேட்டூர் இந்த வருஷமும் திறக்கவில்லை. குறுவை போச்சு. காலையிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. போதாததற்கு எரிவாயுக் குழாய் பதிக்கிறோம் என்று வயலுக்குள் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விவசாயச் சங்கத்துச் செயலாளர் கோவிந்தராசு அண்ணன் வந்து, "வீரையண்ணே, பத்து மணிக்குத் தாலுகாபீஸ் முன்னாடி. நீங்க வந்தாத்தான் நாலு பேரு வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லி வாய் மூடவில்லை, இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். நானும் கிளம்பினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து, பள்ளிக்கூட நேரம் போக, இவர் போகிற இடமெல்லாம் நானும்தான் போகிறேன். டீச்சருக்கு வீட்டுக்காரர் மேல் அவ்வளவு ஆசை என்று ஊரில் கேலி. ஆசையாவது மண்ணாவது. பயம்.

கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கூப்பாடு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வலிப்பு என்று சொல்வதில்லை. மகள் எழிலரசி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் போய் 'எங்கப்பாவுக்கு காக்கா வலிப்பு' என்று உளறிவிடுவாளோ என்று நான் வைத்த பேர் கூப்பாடு. கூப்பாடு வந்துச்சா, நேத்து வந்துச்சு, இப்படித்தான் பேசிக்கொள்வோம். பொருத்தமான பேர்தான். கையும் காலும் இழுப்பதற்கு முன்னால் இவர் காதில் இவருடைய அம்மா கூப்பிடுவது விழும். நான் முகம்கூடப் பார்க்காத மாமியார், ராமாயி. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவள். இவர் வலது பக்கம் திரும்பி "ந்தா வரேம்மா" என்பார். அதுதான் எனக்கு மணி. உடனே பிடித்துக் கீழே படுக்க வைத்துவிட வேண்டும். மாமியார் இல்லாத வீடு, மகராசியா இருப்பே என்று சொல்லி என் அம்மா கட்டிக் கொடுத்தாள். இல்லாத மாமியாரா? வாரம் தவறாமல் வருவாள்.

இன்றைக்குக் கூட்டத்தில் நான் கொஞ்சம் பின்னால் மாட்டிக்கொண்டேன். திரும்பினதைப் பார்த்தேன். ஓடுவதற்குள் தார் ரோட்டில் விழுந்துவிட்டார். யாரோ சாவிக்கொத்தை எடுத்துக் கையில் திணிக்க வந்தார்கள். "சாவியக் குடுத்து எதத் தொறக்கப் போறீங்க, தள்ளுங்கய்யா!" என்று கத்தினேன். அதெல்லாம் பழகிப்போனதுதான். பழகாதது ஒன்று நடந்தது. பந்தோபஸ்துக்கு நின்ற சின்னப் போலீஸ்காரன் ஒருத்தன், "நல்லா ஊத்திக்கிட்டு வந்து போராட்டம் பண்ணுறானுவ" என்று சொல்லிச் சிரித்தான். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, அவனைச் சும்மா விடவில்லை. ஆனால் இவர் காதிலும் அது விழுந்துவிட்டது. அப்போதுதான் கண் விழித்திருந்தார்.

சாப்பிடவில்லை. சட்டையையும் கழற்றாமல் படுத்திருக்கிறார்.

21 ஜூன்

தஞ்சாவூரிலிருந்து எழிலரசி வந்தாள். பேங்கில் லீவு போட்டுவிட்டு, ஒரு முடிவோடுதான் வந்திருக்கிறாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்தாளாம். தலையில் ஆபரேஷன். வலிப்பு தொடங்குகிற இடத்தையே எடுத்துவிடுவார்களாம்.

"அறுபத்து மூணு வயசுல மண்டையத் தொறந்து என்னத்தப் பாக்கப் போறாங்க? உள்ள ஒண்ணுமில்லைன்னு உங்கம்மா எப்பவோ சொல்லிட்டா" என்றார் இவர்.

"இப்ப வயசானவங்களுக்கும் நல்லா ஆகுதாம்ப்பா. உனக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டுதான் செய்யலாமா வேணாமான்னே சொல்லுவாங்க."

வேண்டும் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி அடுத்த தடவை வாய்க்காலில் விழுந்துவிட்டால்? எப்பவும் லொடலொடவென்று பேசுகிற எனக்கு நாக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

கை கழுவிக்கொண்டே இவராகச் சொன்னார். "ஒரு சொட்டு தொட்டதில்ல நானு. அந்தப் பய சொல்லிட்டானே. கூப்பாடு நின்னாப் போதும். போவோம்."

9 ஜூலை, சென்னை

இவர் தலை முழுக்க வயர். மேலே கேமரா. கூப்பாடு வரட்டும் என்று மாத்திரையைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். இத்தனை வருஷம் வந்துவிடக் கூடாதே என்று காத்திருந்த எனக்கு, வா வா என்று காத்திருப்பது தலைகீழாக நிற்பதுபோல் இருக்கிறது.

11 ஜூலை

வந்தது. நன்றாகவே வந்தது. டாக்டரம்மா படத்தைப் போட்டுக் காட்டினார். இவர் இப்போதுதான் முதன்முதலாகத் தன்னைப் பார்க்கிறார். திரும்பி "ந்தா வரேம்மா" என்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன், அந்த நேரத்தில் என் கண் தரையில் கல் கிடக்கிறதா என்றுதானே தேடும்.

டாக்டரம்மா பொறுமைசாலி. வலது பொட்டுக்கு உள்ளே பழைய அடியின் தழும்பு இருக்கிறது, அங்கேதான் தொடங்குகிறது என்றார். முன்பெல்லாம் ஐம்பதைத் தாண்டினாலே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களாம். இப்போது அறுபதுக்கு மேலும் பலருக்கு நின்றுவிடுகிறதாம். தேறி வர நாளாகும், ஞாபகம் கொஞ்சம் மட்டுப்படலாம், மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் வார்த்தையையும் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்னு உங்க வாயால சொல்லுங்க. கூப்பாடு நின்னா போதுமா?"

"போதும்மா."

"முழுக்க நிக்கணும்?"

"முழுக்க."

நானும் தலையை ஆட்டினேன். "அந்தக் கூப்பாடு ஒண்ணு ஒழிஞ்சா, நாங்க நிம்மதியாக் கஞ்சி குடிப்போம் டாக்டர்" என்றேன்.

6 ஆகஸ்ட்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். எழுத முடியவில்லை.

7 ஆகஸ்ட்

கண் திறந்தார். டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவங்க யாரு ஐயா?" என்றார். இவர் என்னைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் சொல்கிறார்: "பெரிய டீச்சர். வாய் ஜாஸ்தி."

அழுதேன். சிரித்தேன். நர்ஸ் வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

30 ஆகஸ்ட்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. வாசலில் ஆள் மாற்றி ஆள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கிறார். கோவிந்தராசு அண்ணன் துண்டை விலக்கித் தழும்பைப் பார்த்து, "அண்ணே, நல்லா வரப்பு போட்டு விட்டிருக்காங்க" என்றார். சில பேர்களும் பழைய கணக்குகளும் சட்டென்று வரமாட்டேன் என்கிறது இவருக்கு. எழிலரசியை என் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டார். சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

கூப்பாடு வரவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும்.

18 செப்டம்பர்

இன்று இவர் தனியாக வயலுக்குப் போனார்.

"நீ வராத" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே போய்ப் பம்புசெட்டுக் கொட்டகை மறைவில் நின்றேன். நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களில் ஒருத்தி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள், பாவி. "ஐயா, உங்க போலீஸ் அங்க ஒளிஞ்சு நிக்கிது!" எல்லோரும் சிரித்தார்கள். இவருக்குக் கோபம். "வீட்டுக்குப் போ செவ்வந்தி. எனக்கு என்ன, இன்னும் புடிச்சிக்க ஆள் வேணுமா?"

திரும்பி வந்தேன். சந்தோஷம்தான். இதற்குத்தானே இத்தனை பாடும். ஆனால் வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அலமாரியைத் துடைத்தேன். துடைத்த அலமாரியையே மறுபடியும் துடைத்தேன். இவர் விழாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர நான் இத்தனை நாள் வேறு என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

4 அக்டோபர்

இவருக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறார். நேற்று வரப்பில் வெகுநேரம் அப்படி நின்றாராம். ஆபரேஷனில் காது நரம்பு ஏதாவது போயிருக்குமோ? இன்று திருத்துறைப்பூண்டியில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காதில் மாட்டி, சத்தம் வைத்து எல்லாம் பார்த்தார். "உங்களை விட இவருக்கு நல்லாக் கேக்குதும்மா" என்றார்.

பஸ்ஸில் வரும்போதும் இவர் வலது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தார்.

11 அக்டோபர்

இன்றைக்குத்தான் சொன்னார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா கூப்பிடல செவ்வந்தி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்குத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டது?"

"இழுப்பைத்தான் எடுக்கச் சொன்னேன். அம்மாவ எடுக்கச் சொல்லலையே."

கையில் இருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டேன்.

அரைப்படி நெல் கூடக் கொடு என்று கேட்டு ஊரே அறுவடைக்கு இறங்காமல் நின்ற வருஷம் இவர் அடிபட்டார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மிராசுதார் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்க, இவர்கள் மறிக்க, வயலிலேயே அடிதடி. இவருக்குப் பதினாறு வயது. ஆனால் எப்படி அடிபட்டார் என்று இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை. பின்னாலிருந்து ஒருத்தன் கழியை ஓங்கிக்கொண்டு வந்திருக்கிறான். வரப்பில் நின்ற இவர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வீரையா!" என்று கத்தினாளாம். குனிந்துகொள்ளட்டும் என்று கத்தியிருக்கிறாள். இவர் குனியவில்லை. அம்மா கூப்பிட்டாளே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். திரும்பின பொட்டில் விழுந்தது அடி.

"அதுக்கப்புறம் அம்மா என்னையப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. தம்பிம்பா, இந்தாம்பா. சாவுற வரைக்கும் பேரு மட்டும் வாயில வரல. கூப்பிட்டதாலதான் அடி விழுந்துச்சுன்னு மனசுல வச்சிக்கிட்டா. அந்தக் குரல் எனக்கு இதுல மட்டுந்தான் வரும். விழப் போறோம்னு தெரியும். தெரிஞ்சும் திரும்பிடுவேன். அவ்வளவு நல்லாருக்கும்."

"சாமி இல்ல, பேயி இல்லன்னு மேடை மேடையாப் பேசுன ஆளு" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

"இல்லதான். எனக்குத் தெரியாதா? ஆனா குரல் இருந்துச்சே."

அந்தப் பொம்பளை வந்துவிடக் கூடாதே என்று நான் போகாத கோயில் இல்லை. நாகூருக்கும் போனேன், வேளாங்கண்ணிக்கும் போனேன். இந்த மனுஷர் கூடவே வந்து, நான் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார்.

5 நவம்பர், சென்னை

மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு மகா சந்தோஷம். இந்த வயதுக்கு இவ்வளவு நன்றாக ஆனது பெரிய விஷயம் என்று சின்ன டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். இவர் பள்ளிப் பிள்ளைபோல் எழுந்து நின்று கேட்டார்.

"அம்மா, எங்கம்மா குரலு திரும்ப வருமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஐயா, அந்தக் குரல்தான் வலிப்போட தொடக்கமே. முதல்ல அது, அப்புறம் இழுப்பு. அந்த இடத்தைத்தான் எடுத்திருக்கோம். கூப்பாடு முழுக்க நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேம்மா. நாங்க ரெண்டுக்கும் ஒரே பேரா வச்சிட்டோம்."

அந்தம்மா நல்ல மனுஷி. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குரல் உங்களுக்கு என்னன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். அவர் மேல் என்ன தப்பு? வார்த்தையை வைத்தது நான். அது ஒழியட்டும் என்றும் நானே சொன்னேன். தாயில்லாத இவருக்குத் தாய் கிடைத்த ஒரே இடம் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? இருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

17 நவம்பர்

அடைமழை. வயலெல்லாம் தண்ணீர். வெளியே போக வழியில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ. அடுப்படியிலிருந்து கூப்பிட்டேன். "வீரையா!"

இத்தனை வருஷத்தில் இவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி, ஓட்டுச்சாவடி எல்லா இடத்திலும் எழுதிக் காட்டுவேன், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வேன். படித்தவள்தான், டீச்சர்தான், இருந்தும் வராது. இன்று சொன்னேன்.

இவர் திரும்பினார். இடது பக்கமாக, அடுப்படியைப் பார்த்து. பிறகு சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீ கூப்பிட்டா அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு டீச்சர். உள்ளேன் ஐயான்னுதான் வருது."

நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நல்ல வேளை, வெங்காயம் அரிந்து வைத்திருந்தேன்.

20 டிசம்பர்

குழாய் பதிக்க மறுபடி வண்டியோடு வந்தார்கள். கதிர் பிடிக்கிற பயிரில் பொக்லைனை இறக்கப் பார்த்திருக்கிறார்கள். ஊரே போய் மறித்தது. இவரும் கோவிந்தராசு அண்ணனும் முன்னால். எல்லோரையும் கைது பண்ணிக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டார்கள். இவர் மண்டபத்தில் ஏறி நின்று பேசினாராம், நிறுத்தாமல். விழவில்லை, தடுமாறவில்லை. போலீஸ்காரர்களே கேட்டுக்கொண்டு நின்றார்களாம். கோவிந்தராசு அண்ணன் வாசலில் நின்று, "டீச்சரம்மா, பழைய வீரையண்ணன் வந்துட்டாரு!" என்று கத்துகிறார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயசம் வைத்தேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டார்.

29 டிசம்பர்

துவைக்கிற கல் பக்கம் கோழி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. வெள்ளையாக. என்ன என்று போய்ப் பார்த்தால் மாத்திரை. பாதி கரைந்து, மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் தினமும் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, முழுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த மாத்திரை.

என்ன கத்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஒரே ஒரு தடவ" என்றார். "ஒரு தடவ கேட்டுட்டா, அப்புறம் நீ என்ன குடுத்தாலும் தின்னுக்கிறேன்."

"அந்த எடத்தையே அறுத்து எடுத்துட்டாங்கன்னு அந்தம்மா சொன்னாங்களா இல்லையா? எங்கேருந்து வரும்? சொல்லுங்க, எங்கேருந்து வரும்?"

"உள்ள ஒரு மூலையில மிச்சம் இருக்காதா?"

பெற்ற பிள்ளையாக இருந்தால் ரெண்டு சாத்து சாத்தலாம். அறுபத்து மூணு வயசு மனுஷரை என்னடி பண்ணுவே? எழிலரசிக்குப் போன் பண்ணினேன். அவளும் கத்தினாள், அழுதாள். டாக்டரம்மாவையும் கேட்டாகிவிட்டது. உடனே மறுபடி தொடங்கச் சொன்னார். நிறுத்தினால் பெரிதாக வந்துவிடும், தனியாக எங்கும் விடாதீர்கள் என்றார்.

இவர் சரி என்றார். சரி என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2 ஜனவரி 2016

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தேன். காட்டினார். முழுங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

10 ஜனவரி

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பழைய வைக்கோலைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு, இவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

திரும்பவில்லை. "ந்தா வரேம்மா" என்று சொல்லவில்லை. சிரிக்கவில்லை. ஒன்றுமே இல்லை. நின்றவர் நின்றபடியே வாழைமரம்போல் சாய்ந்தார். இவ்வளவு பலமான இழுப்பை நான் பார்த்ததில்லை. வைக்கோல்மேல் விழுந்ததால் தலை தப்பியது. முறத்தை எறிந்துவிட்டு ஓடி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கோவிந்தராசு அண்ணன் வந்தார், கார் கொண்டுவந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்.

மத்தியானம் தெளிந்தது. பலமாக வந்தால், அதற்கு முன்னால் குரல் கேட்டதா என்பதுகூட இவருக்கு நினைவிருக்காது. கண்ணைத் திறந்ததும் என் கையைப் பிடித்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"திரும்புனேனா?"

அய்யோ. நான் என்ன சொல்வேன்? ஆமாங்க, திரும்புனீங்க, வரேம்மான்னீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகத்தில் எனக்கே அந்தச் சிரிப்பு கிடைத்துவிடும். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் நாளைக்கே மாத்திரையைத் துப்புவார். அடுத்த தடவை வைக்கோல் இருக்காது, கல் இருக்கும். சொல்லாவிட்டால் அவள் இல்லை. எந்த மூலையிலும் இல்லை.

"சொல்லு செவ்வந்தி. நீ பொய் சொல்ல மாட்ட. திரும்புனேனா?"

"திரும்பலைங்க."

"வலது பக்கம்..."

"எந்தப் பக்கமும் திரும்பலைங்க. அப்படியே விழுந்தீங்க."

கையை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. நான் அந்த முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12 ஜனவரி

காலையில் எழுந்ததும், "சலூனுக்குப் போவணும், வா" என்றார். இனி எங்கே போனாலும் மறுபடி நானும்தான். கடைத்தெரு சலூனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"மொட்டை" என்றார் இவர். கடைக்காரப் பையன், "வேண்டுதலாங்கய்யா? எட்டுக்குடி முருகனுக்கா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. எங்கம்மா செத்துப் போச்சு."

"அடடா. எப்பங்கய்யா?"

"ஞாயித்துக்கிழம."

நான் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். அவள் உண்மையில் போனபோது இவருக்கு இருபது வயது. சடங்கெல்லாம் மூடத்தனம், மொட்டை போட மாட்டேன் என்று ஊரையே எதிர்த்து நின்றாராம். அந்தக் கதையை எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

தழும்பு வந்த இடத்தில் அந்தப் பையன் கத்தியை நிறுத்தி, "வலிக்குதுங்களாய்யா?" என்றான். "நீ எடு" என்றார்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்து ஊற்றினேன். மாத்திரைக்கு இவராகவே கையை நீட்டினார்.

15 ஜனவரி

பொங்கல். ஊரெல்லாம் குலவைச் சத்தம். எங்கள் அடுப்பில் பானை ஏறவில்லை. துக்க வீட்டில் அந்த வருஷம் பொங்கல் கிடையாதே. இவர் சொல்லவில்லை, நானாகத்தான் வைக்கவில்லை.

கோவிந்தராசு அண்ணன் பெண்டாட்டி அம்சம் தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்தாள். வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, பொங்கல் வைக்கலையா?"

"வீட்டுல துக்கம் அம்சம்."

"ஐயையோ! யாருக்கா?"

"எங்க மாமியா."

எனக்கும் மண்டையில் ஆபரேஷன் பண்ணிவிட்டார்களோ என்பதுபோல் பார்த்தாள். அப்புறம் உள்ளே உட்கார்ந்திருந்த இவருடைய மொட்டைத் தலையைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, தூக்குவாளியை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவள்போலவே கேட்டாள்.

"வயசு என்னக்கா இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் அவளோடு மல்லுக்கு நின்றேன், வயதைக் கேட்டுக்கொண்டதில்லை. இவரைப் பார்த்தேன்.

"முப்பத்தெட்டு இருக்கும்" என்றார். "நம்ம எழில் வயசு."

நான் எப்போதும் ஒரு கிழவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பச்சப் புள்ளையாச்சே" என்று அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் என் மாமியாருக்காக அழுதேன்.